எல்லா எண்ணும் அண்ணனுக்கே

அன்புள்ள நித்யஸ்ரீ சாமிக்கு,

திருச்செங்கோட்டிலிருந்து சித்தப்பன் மருதாசலம். இங்கு எல்லாரும் சுகம். உன் அப்பா மட்டும் கோபமாகச் சுகம். செல்போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்து நம் போர்வெல் ரிக் ஆபீஸில் இன்டர்நெட் போன் பெட்டியை மாட்டிவிட்டுப் போனாயே, அதில் வந்த வினை இது. யார் கூப்பிட்டாலும் முதலில் கிளார்க் சாரதாமணிக்கு அடிக்கும், அவள் எடுக்காவிட்டால் எனக்கு, நானும் எடுக்காவிட்டால்தான் உன் அப்பாவுக்கு என்று விதி போட்டிருந்தாய். அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். "பத்திரிகை அடிச்சாக்கூட எம்பேருதான்டா முதல்ல வருது. போனுக்கு மட்டும் எனக்குக் கடைசிப் பந்தியா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான். ஆபீஸுக்கும் வருவதில்லை, என்னோடு பேச்சும் இல்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தால் எனக்குக் கணக்கும் ஓடமாட்டேன் என்கிறது, காப்பியும் இறங்கமாட்டேன் என்கிறது.

சரி, மூத்தவரை முதலில் வைப்போம் என்று நானே அந்தப் பக்கத்தைத் திறந்து, எந்த எண்ணாக இருந்தாலும் அண்ணன் வீட்டுப் போனுக்கே போகட்டும் என்று மேலே ஒரு விதியை எழுதினேன். வருகிற அழைப்புக்கா, போகிற அழைப்புக்கா என்று கேட்டது. நம் குடும்பத்தில் அரைகுறை மரியாதை ஏது? இரண்டுக்கும் டிக் அடித்தேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போன் போட்டேன்.

"பட்டறைங்களா?"

"இல்ல, உங்கொண்ணன்."

பயந்து வைத்துவிட்டேன். மத்தியானம் மெஸ்ஸுக்குப் போட்டேன்.

"பிரியாணி ஒண்ணு அனுப்புங்க."

"சக்கரைய வெச்சுக்கிட்டு பிரியாணி கேக்குதாடா உனக்கு? உங்கண்ணிகிட்டச் சொல்லி ராகிக்களி அனுப்பறேன், இரு."

களி வந்தது, சாமி. நன்றாகவும் இருந்தது. சாயங்காலம் சத்தீஸ்கரிலிருந்து டிரைவர் மாதேஸ்வரன் டீசலுக்குப் பணம் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறான். அதுவும் அங்கேதான். "தண்ணி வந்துச்சா, நீ தின்னயா?" என்று ஊர்க்கதையெல்லாம் பேசியவர் டீசலை மறந்துவிட்டார். ரிக் அங்கேயே நிற்கிறது.

டிக்கை எடுக்கப் போனால், பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து அடித்து என்னையே வெளியே பூட்டிவிட்டது. ஆகவே இந்த லெட்டர் கைக்கு வந்ததும் அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடு. உன் அப்பா பெயரை மட்டும் முதலில் வை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மலைமேல் அம்மையோடு பாதி உடம்பாய் நிற்கிறவர் உங்கள் இருவரையும் தன்னைப் போலவே ஒட்டி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சித்தப்பன்

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே. உறை ஒட்டும்போது அண்ணன் வந்துவிட்டார். "எல்லாப் போனையும் நாந்தான் எடுக்கோணும்னா ஊட்டுல எதுக்கு உக்காந்திருக்கறது?" என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறார். போனெல்லாம் இப்போது வீட்டில் உன் அம்மாவுக்குத்தான் அடிக்கிறது.

"யாருக்குடா கடுதாசி?"

"நித்யாவுக்குங்கண்ணா. போனச் சரி பண்ணச் சொல்லி."

"ஏன், நல்லாத்தானே இருக்குது?"

நல்லாத்தான் இருக்கிறது, சாமி. கை வைத்துவிடாதே.