மூன்று விசிறி வைத்த கார்டு

"ரெண்டு மானிட்டர் இல்லாம ஒரு மனுஷன் எப்படி வேலை பார்க்கிறது? இந்தப் பக்கம் ரசீது, அந்தப் பக்கம் கணக்கு. ஒண்ணைத் திறந்தா இன்னொண்ணு ஓடி ஒளிஞ்சுக்குது. கழுத்து வலிக்குது, கண்ணு எரியுது. இந்த வீட்ல என் கஷ்டம் யாருக்குத் தெரியுது?"

பேசியது என் கணவர். ஒரு மருந்துக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறார். மேற்படி வசனத்தை மாத்திரை மாதிரி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு மானிட்டருக்கு எப்படிங்க கழுத்து வலிக்கும்? ரெண்டு இருந்தாதானே திருப்பித் திருப்பிப் பார்க்கணும்?"

"உனக்குப் புரியாது."

விவாதத்தில் அவர் தோற்றுவிட்டார் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம்.

மானிட்டருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. என் நாத்தனார் வீடு மாறும்போது பழைய மானிட்டரைக் கேபிளோடு எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். பீரோ மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"அதை எடுத்து மாட்டிக்க வேண்டியதுதானே?"

"அப்படியெல்லாம் மாட்ட முடியாதும்மா. ரெண்டு மானிட்டர்னா கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள கிராபிக்ஸ் கார்டு போடணும்."

"யார் சொன்னா?"

"நிபுணர்."

நிபுணர் என்பது எதிர்வீட்டுக்காரர். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அவர் வீட்டுக் குழாய் ஒழுகுவது மட்டும் இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை.

கார்டு தேடும் படலம் ஆரம்பமானது. எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். விசாரித்திருந்தால் நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

"இதுல மூணு விசிறி இருக்கு, பாரு."

"நம்ம ஹால்ல ஒண்ணுதான் இருக்கு. அதுவும் கிறீச் கிறீச்சுங்குது. கணக்குக்கு எதுக்குங்க இத்தனை காத்து?"

"சூடாகும்ல?"

"கூட்டல் கழித்தலுக்கா?"

அவர் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு கார் தறிகெட்டு ஓடி ஆற்றில் விழுந்தது. தண்ணீர் வானளாவ எழும்பியது.

"பார்த்தியா, ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாத் தெரியுது."

"உங்க கம்பெனி கணக்குல தண்ணி எங்க வருது?"

கொஞ்சம் யோசித்தார். "இருமல் சிரப் இருக்கே."

கார்டு வந்து சேர்ந்தது. உறையைப் பிரிக்காமலே நிபுணர் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த நீளத்தைப் படித்தார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தன் கையால் சாண் போட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"பெட்டி பத்தாது சார். பெரிய பெட்டி வேணும். பெரிய பெட்டி இந்த மூலை ஸ்டாண்டுல நிக்காது. நல்ல மேஜை வேணும்."

இரண்டு பேர் கண்ணும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

ஜன்னலோரத்தில் இருப்பது என் தையல் மேஜை. இந்தத் தெருவில் பாதிப் பேர் கழுத்தைச் சுற்றியிருக்கும் காலர் அங்கே பிறந்ததுதான். இன்னார் வீட்டுக்காரி என்று சொல்லாமல் என்னையே கேட்டுக்கொண்டு நாலு பேர் படியேறி வருகிறார்கள் என்றால், அந்த மேஜைக்காகத்தான் வருகிறார்கள்.

"மெஷினைக் கொஞ்ச நாள் பரண்ல வெச்சுக்கலாம்" என்றார் கணவர்.

"நான் எங்க உட்கார்ந்து தைக்கிறது? பரண்லயா?"

"அங்கயும் காத்து வரும்மா" என்றார் நிபுணர்.

'கோபம் வந்தால் வாயை மூடு, கண்ணைத் திற' என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். இத்தனை வருஷத்தில் பாடத்தின் முதல் பாதியை அன்றைக்குத்தான் கடைப்பிடித்தேன்.

மறுநாள் கணவர் மீட்டிங் என்று ஆபீசுக்குக் கிளம்பினார். வரும்போது பெரிய பெட்டிக்குச் சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம். நான் தூசி தட்ட ஆரம்பித்தேன்.

இந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் ஒரு முதுகு உண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பிரிட்ஜின் முதுகு, டிவியின் முதுகு, பீரோவின் முதுகு. தூசி அங்கேதான் குடும்பம் நடத்துகிறது. கணவர் கம்ப்யூட்டரின் முகத்தோடு மட்டும் பழகியவர். நான் அதன் முதுகைப் பழைய பிரஷ்ஷால் வாராவாரம் சொறிந்து விடுகிறவள். அங்கே மானிட்டர் வயர் செருகியிருக்கும் துளைக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு துளை, எத்தனையோ வருஷமாகச் சும்மா வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

நாத்தனார் கேபிளின் முனையைப் பார்த்தேன். துளையைப் பார்த்தேன். செருகினேன். பழைய மானிட்டர் கண் விழித்தது. முதலில் இரண்டிலும் ஒரே படம். என்ன செய்யலாம் என்று கம்ப்யூட்டரிடமே கேட்டேன். எதைத் தட்டினால் தனித்தனிப் படம் வரும் என்று மரியாதையாகச் சொன்னது. 'உனக்குப் புரியாது' என்று சொல்லவில்லை.

பிரிக்காத கார்டை பில்லோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"ஏன் மேடம், பிடிக்கலையா?"

"பிடிச்சது. எங்க வீட்டுப் பெட்டிக்குத்தான் பிடிக்கல."

திரும்ப வாங்கிய பணத்தோடு பக்கத்துத் தெருவில் தையல் மெஷின் கடை ஏறினேன். மிதித்து மிதித்து என் முட்டி தேய்ந்திருந்தது. ஒரு மோட்டார் வாங்கி மெஷினில் மாட்டி, "பெரிய பெட்டி வேண்டாம்" என்று அவருக்குப் போனில் ஒரு வரி அனுப்பினேன்.

கணவர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ரெண்டும் எரியுதே."

"எரியுது."

"பெட்டி அதே பெட்டிதானே?"

"அதே பெட்டிதான்."

"பின்ன அவ்வளவு நீளக் கார்டு எப்படி உள்ள போச்சு?"

"நான் அடுக்கி மூடாத பெட்டி எதையாவது பார்த்திருக்கீங்களா?"

பொய் சொல்வது பாவம் என்றுதான் சிஸ்டர் சொன்னார். கேள்வி கேட்பது பாவம் என்று சொல்லவில்லை.

"வாஸ்தவம்தான்" என்றார். "நாலு கம்பளியும் என் பூட்சும் ஒரே சூட்கேஸ்ல போட்டு மேல ஏறி உட்கார்ந்து மூடினவளாச்சே." குரலில் பெருமை. மேஜை என் மேஜையாகவே நின்றது.

நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கறுப்பைப் பாருங்க சார்" என்றார் நிபுணர். "இதுதான் கறுப்பு. முன்னாடி இருந்தது வெறும் இருட்டு."

நான் காலரை வைத்து மோட்டாரை ஓட்டினேன். உர்ர் என்றது.

"கேட்குதா? மூணு விசிறியும் சுத்துது" என்றார் கணவர்.

காலை எடுத்தேன்.

"நின்னுடுச்சு பாருங்க. வேலை இல்லைன்னா தானா நிக்குது. புத்திசாலி கார்டு சார்."

மோட்டார் மெஷினின் முதுகில் இருக்கிறது. அதை அவர்கள் பார்க்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு மானிட்டரையும் என் பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டு கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். என் பக்கம் ஜன்னல் கண்ணாடி இருப்பதை மறந்துவிட்டார். அதில் கம்ப்யூட்டர் விளையாட்டின் பந்தயக் கார் ஒன்று, பாரம் ஏற்றிய தள்ளுவண்டி மாதிரி நின்று நின்று போனது.

"என்னங்க, கணக்கு மெதுவாப் போகுதா?"

"இல்லையே. நல்லாத்தான் போகுது."

"சிரப் ஏதாவது சிந்துதா?"

கார் ஓடவில்லை என்று சொன்னால், எந்தக் கார் என்று கேட்பேன். பாவம், வாயைத் திறக்க முடியாத வலி.

எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார். கதவை ஒருக்களித்துக்கொண்டு நிபுணரோடு குசுகுசுவென்று பேசினார். திரும்பி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். நான் மிதியை அழுத்தினேன். மோட்டார் சத்தத்துக்கு மேலே அவர் குரல் வந்தது.

"ஏம்மா, கார்டுல தூசி அடைச்சிருக்கும்னு நிபுணர் சொல்றார். அதைக் கொஞ்சம் வெளிய எடுத்துத் தட்டிக் குடேன். நீ எடுத்தாதான் சரி, மறுபடி உள்ள அடுக்கறதுக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது. கேட்குதா?"