அறுபதும் அறுபதும்

கணக்கில் நான் கெட்டிக்காரி. என் அக்கா செலினின் கல்யாணம் கேலிக்கூத்தானதற்கு அதுதான் காரணம்.

நாடு சுதந்திரமாகி நாலைந்து வருடம் இருக்கும். எனக்குப் பதினேழு வயது. எங்கள் கடற்கரை ஊரின் லேஸ் கூடத்தில், தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். எந்த நூல் எடுப்பது, எதை இரட்டித்து முறுக்குவது என்பதெல்லாம் ரோசம்மாள் டீச்சர் பொறுப்பு. எங்கள் கைக்குச் சுற்றிய குச்சிதான் வரும்.

அக்கா கல்யாணத்தன்று தலையில் போடும் நெட்டுக்கு, அந்த வலைத்துணி முக்காட்டுக்கு, நானே லேஸ் வைப்பேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். மாப்பிள்ளையின் அம்மாவும் லேஸ் பின்னியவர்தான். பெண் பார்க்க வந்த அன்றே, "கோயில்ல தலை குனிஞ்சு நிக்கணும், கேட்டியா?" என்று செலினிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். செலினுக்கு அன்று முதல் தூக்கமில்லை.

"நூத்தியிருபதாம் நம்பர் நூலு வாங்கு, மக்கா" என்றார் டீச்சர். மறுநாளே காய்ச்சலில் படுத்துவிட்டார்.

கோட்டாற்றுக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நூத்தியிருபது இல்ல மக்கா. அறுபதுதான் கெடக்கு."

எனக்குள் மின்னல் அடித்தது! அறுபதும் அறுபதும் எவ்வளவு?

"ரெண்டு உருண்டை தாங்க!"

(பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.)

அப்பா வலைக்கு நூல் முறுக்கும் தக்கிளியை எடுத்து, இரண்டு இழையையும் சேர்த்து முறுக்கோ முறுக்கென்று முறுக்கினேன். பின்னும்போது ஊசிகள் வளைந்தன. பூக்கள் மூச்சுமுட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பெரிய நம்பர் என்றால் கனமாகத்தானே இருக்கும் என்று பூரித்துப்போனேன். போதாததற்குக் கெட்டியாகக் கஞ்சியும் போட்டேன்.

அப்பா இழுத்துப் பார்த்தார். "ஏட்டி, இதுல சீலா மீனே மாட்டும்!" அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று கொண்டையில் நெட்டைக் குத்தினோம். முதுகுப்பக்கம் தொங்கிய லேஸ் கொண்டையைக் கீழே இழுத்தது. செலினின் முகம் தானாக மேலே நிமிர்ந்தது. குனியப் பார்த்தாள், முடியவில்லை. கோயில் முகட்டையே பார்த்துக்கொண்டு பீடம் வரை நடந்தாள்.

"பொண்ணு என்ன ஓடு எண்ணுதாளா?" மாமியாரின் குரல் முன்வரிசையிலிருந்து வந்தது. செலினின் கண்ணில் நீர் கட்டியதும் எனக்குப் பதறிவிட்டது. பின்னால் போய்க் குனிந்து, லேஸை இரண்டு கையாலும் தூக்கினேன்.

அப்போதுதான் சாமியார் மாப்பிள்ளையைப் பார்த்து, "சம்மதமா?" என்று கேட்டார். பாரம் போன வேகத்தில் செலினின் தலை 'டொக்'கென்று முன்னால் விழுந்தது. கோயிலே சிரித்தது.

"அவனிட்டல்லா கேட்டாரு! இவளுக்கு என்ன அவசரம்?" என்றார் மாமியார்.

பூசை முடிந்ததும் நேராக வந்து லேஸை விரலால் நெருடினார். "இது எத்தனாம் நம்பரு?"

"நூத்தியிருபது, மாமி. அறுபத இரட்டிச்சேன்." (பெருமையாகவே சொன்னேன்!)

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பரு கூடினா நூலு மெலியும், ஏட்டி. அறுபத இரட்டிச்சா முப்பதுல்லா!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பிறகு செலினின் கொண்டையிலிருந்து நெட்டை அவரே கழற்றினார். "பாவம், பிள்ளைக்கக் கழுத்து ஒடிஞ்சிருக்கும்" என்று பிடித்துவிட்டார். செலின் அப்போதுதான் தலையைக் குனிந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தக் கல்யாணத்திலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் கணக்குப் போட்டாலும், "அறுபதும் அறுபதும்?" என்று ஒருவர் கேட்பார். "முப்பது!" என்று எல்லோரும் கத்துவார்கள். போன வருடம் செலினின் பேரனுடைய வாத்தியார் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். மற்றக் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிற பையன், இந்த ஒன்றை மட்டும் எத்தனை அடித்தாலும் மாற்ற மாட்டேன் என்கிறானாம்.