நூற்றுப் பதினேழாம் டோக்கன்காரரின் பாவம்

திங்கட்கிழமை மதியம் ஆகிவிட்டால் அந்தத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் தொழிற்சாலை அது. உலைக்காரர்கள், பேட்டரி உடைப்பவர்கள், வண்டி தள்ளுகிறவர்கள் என்று எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வரிசையில் நிற்பார்கள். பசி கிடக்கட்டும், முதலில் பாவம் கழியட்டும் என்ற அவசரம்.

பாவத்தைக் கழித்துத் தருபவர் வெள்ளைத்துணி ஐயா. நாலு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துணி கொடுப்பார். அதைச் சட்டைக்குள்ளே வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலை பார்க்க வேண்டும். அடுத்த திங்கள் அவிழ்த்தால் துணி கறுத்திருக்கும். வயிற்றுவலி, சோகை, கை தளர்ச்சி எல்லாவற்றுக்கும் காரணமான பாவம் துணியில் இறங்கிவிட்டதாம். ஈயம் உருக்கும் கொட்டகையில் வெள்ளைத் துணி கறுக்கிறது. எப்பேர்ப்பட்ட அதிசயம்!

"வெளியில இருந்து அழுக்கு வந்திருந்தா சட்டைதானே கறுக்கணும்? உள்ள இருக்கிற துணி எப்படிய்யா கறுக்கும்?" என்று ஐயா மைக்கில் கேட்பார். கூட்டம் தலையாட்டும். தலையாட்டிய ஒவ்வொருவரின் சட்டையும் கறுத்துத்தான் இருந்தது. குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மேனேஜரின் துணி மட்டும் வாராவாரம் வெள்ளைவெளேரென்று வரும். கண்ணாடி அறையில் ஏசி ஓடுவதால் பாவத்துக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. உலைக்குப் பக்கத்தில் நிற்பவன்தான் எப்போதும் மகாபாவி. இந்தத் தத்துவம் மேனேஜருக்குத் தேனாய் இனித்தது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி பழுதாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நோய்க்குக் காரணம் பாவம் என்றால் விசிறி எதற்கு? ஆகவே ஐயாவுக்குக் கம்பெனி காரும் கம்பெனி மைக்கும் கிடைத்தன. உண்டியலை மட்டும் ஐயாவே கையோடு கொண்டு வந்தார்.

இந்தக் கூத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தாள் படிப்பு டாக்டர். அந்தப் பெயரை வைத்தவர்கள் தொழிலாளிகள். டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, வேலையால் வரும் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்கிறவள் என்று அவள் எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள். "இன்னும் பாஸ் ஆகலையாம் பாவம்" என்று முடித்துவிட்டார்கள். அவளுடைய சித்திக்கே அது விளங்கவில்லை. "இதயம், எலும்புன்னு படிக்காம பேட்டரி டாக்டராடி ஆகப்போறே?" என்று கேட்டவள் சித்தி.

படிப்பின் ஒரு பகுதியாக மூன்று மாதம் அவள் இந்தத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருக்க வேண்டும். அறுபது பேரின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதத்தில் நாலு பேர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு ஆள் அவளேதான். ஊசி குத்தினால் அந்த ஓட்டை வழியாகப் பாவம் திரும்ப ஏறிவிடும் என்று ஐயா சொல்லி வைத்திருந்தார்.

அன்று மாலை உலைக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்ட கையோடு என்ன வேலை, எங்கே நிற்கிறீர்கள், வேலைச் சட்டையை எங்கே துவைக்கிறீர்கள் என்றும் கேட்பது அவளுடைய படிப்பின் பாலபாடம். கேட்டாள். அவர் தன் வயிற்றை விட்டுவிட்டு மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு வயசு டாக்டரம்மா. அப்பா, தண்ணி, பூனைன்னு எல்லாம் சொல்லிட்டிருந்தா. இப்ப ரெண்டு மாசமா வாயே திறக்கலை. சாப்பாடும் இறங்கலை. எதுக்கெடுத்தாலும் அழுகை."

"வீட்டுல புதுசா ஏதாச்சும் மாத்தினீங்களாண்ணே?"

"ஒண்ணும் இல்லையே. ஐயா சொன்னபடி கறுத்த துணியை மட்டும் அவ தொட்டிலுக்கு மேல கட்டியிருக்கேன். துவைக்கக் கூடாது, உதறக் கூடாது. நம்மகிட்ட இருந்து இறங்கின பாவம் வீட்டுல ரொம்பப் பிரியமானவங்களைத் தேடி வருமாம். துணி அங்க தொங்கினா, ஏற்கெனவே வந்துட்டுப் போயாச்சுன்னு நினைச்சுத் திரும்பிடுமாம்."

"எத்தனை துணி தொங்குது?"

"எட்டு."

எட்டு வாரத்து ஈயத்தூள் அந்தக் குழந்தையின் மூக்குக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. உடனே கழற்றச் சொன்னாள். குழந்தையை ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு வரச் சொன்னாள்.

"பெத்த பிள்ளை விஷயத்துல விளையாட முடியுமா டாக்டரம்மா? கழற்றி ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். பயந்த மனிதரிடம் பாடப்புத்தகத்தை நீட்டிப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. துணியைத்தான் பேசவைக்க வேண்டும்.

காற்றில் உள்ள தூசியை அளக்க, அவளுடைய துறைக்காரர்கள் தொழிலாளிகளின் சட்டையில் ஆளுக்கொரு வடிதாளை, தூசியைப் பிடித்துவைக்கும் காகிதத்தை, மாட்டி அனுப்புவார்கள். கூடவே யாருக்கும் மாட்டாத வடிதாள் ஒன்றும் போகும். அதிலும் தூசி படிந்திருந்தால் அளவிலேயே கோளாறு என்று தெரிந்துவிடும். ஐயாவின் வைத்தியத்தில் அந்த வெறும் தாள் எங்கே? பாவமே செய்ய முடியாத ஒரு ஆளின் வயிற்றில் துணி கட்டிப் பார்த்தது யார்? யாருமில்லை.

அடுத்த நாள், தூசி அளக்கும் கருவி மாட்ட ஒரு பொம்மை வேண்டும் என்று எழுதி மேனேஜரிடம் நீட்டினாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வேலைச் சட்டையிலும் பேன்ட்டிலும் பஞ்சை அடைத்து, உலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். வயிற்றில், சட்டைக்குள்ளே, முன்பே ஒரு திங்கள் வரிசையில் நின்று வாங்கி வைத்திருந்த வெள்ளைத்துணி. ஷிப்டில் இருப்பவர்கள் தங்கள் துணியை உறையில் போட்டு, டோக்கன் எண் எழுதி ஐயாவுக்கு அனுப்புவது வழக்கம். ஐயா துணியைப் பார்த்து, அவரவர் பாவத்தை மைக்கில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஓய்வுபெற்ற ஒருவரின் டோக்கன் சும்மா கிடந்தது. நூற்றுப் பதினேழு.

திங்கள் வந்தது. கூடம் நிரம்பியது. ஐயா முதல் உறையைப் பிரித்தார். நாற்பத்திரண்டு. துணி வெள்ளையாக இருந்தது.

"சொக்கத்தங்கம்யா இவன். கோபம்னா என்னன்னே தெரியாத ஜீவன்."

கூட்டத்தில் சலசலப்பு. நாற்பத்திரண்டாம் எண்காரர் கேண்டீனில் ஒருவரின் மூக்கை உடைத்துவிட்டு ஒரு வாரம் சஸ்பெண்டாகி வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியவர். உடைந்த மூக்குக்காரர் பிளாஸ்திரியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நல்ல தங்கம்தான்" என்றார் அவர், மூக்கால்.

ஐயா அவசரமாக அடுத்த உறையைப் பிரித்தார். நூற்றுப் பதினேழு. துணி கன்னங்கரேல் என்றிருந்தது. இப்போது அவருக்குக் குரல் வந்துவிட்டது.

"அடேயப்பா. பெத்த தாயைக் கதறவச்சவன்யா இவன். ரெண்டு குடும்பம் நடத்துறான். கூடப் பிறந்தவன் பங்கையும் முழுங்கியிருக்கான்."

"ரெண்டு குடும்பம்னா நம்ம கிரேன்காரன்தான்" என்றது ஒரு குரல். "யாருடா சொன்னது?" என்று கிரேன்காரர் எழுந்துவிட்டார். இன்னொரு மூக்கு உடையும் நிலை.

"இருங்கண்ணே, சண்டை வேண்டாம். அவரையே கூட்டிட்டு வரேன்" என்றாள் படிப்பு டாக்டர்.

வெளியே போனாள். தள்ளுவண்டியில் வைத்துப் பஞ்சுப் பொம்மையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கழுத்தில் டோக்கன் தொங்கியது. எல்லோரும் எண்ணைப் படித்தார்கள். மெதுவாகத்தான் படித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது.

"பொம்மைக்குள்ளயும் கெட்டது புகும்" என்றார் ஐயா. நெற்றியில் வேர்வை.

"ரெண்டு குடும்பம் நடத்துற அளவுக்கா? சரிங்கய்யா, பொம்மையை விடுங்க. நீங்க பாவமே செய்யாதவர். உங்க வயித்துல ஒரு துணி கட்டிக்கிட்டு ஒரு வாரம் உலைக்குப் பக்கத்துல உட்காருங்க. துணி வெள்ளையாவே இருந்தா நான் படிப்பையே விட்டுடறேன்."

ஐயாவுக்குத் திடீரென்று வேறொரு தொழிற்சாலையில் அவசர வேலை ஞாபகம் வந்தது. உண்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தன் கண்ணாடி அறைப் பக்கம் நழுவினார். "சார், அந்த விசிறி?" என்று பத்துப் பேர் வழிமறித்தார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் உலைக்காரர்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"அப்ப என் வீட்டுல தொங்குறது என்ன டாக்டரம்மா?"

சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னாள். "உங்க உலையில இருந்து வந்த ஈயம்ணே. நீங்களே கொண்டு போய் அவ தலைக்கு மேல கட்டியிருக்கீங்க."

மறுநாள் காலை எல்லாத் துணிகளையும் ஒரு பையில் கட்டி எடுத்து வந்தார். இடுப்பில் குழந்தை. ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியது. அளவு இறங்கும் என்றாள் அவள். போன வார்த்தைகள் எல்லாம் திரும்ப வருமா என்று அவர் கேட்டார். "வரலாம்ணே. உறுதியா சொல்ல மாட்டேன்" என்றாள். பொய் சொல்லித் தேற்ற அவளுக்குத் தெரியாது. அதற்குத்தான் ஐயா இருந்தாரே.

அடுத்த வாரம் முதலுதவி அறை வாசலில் ரத்தம் கொடுக்க நீளமான வரிசை நின்றது. உலைக்காரர்தான் அதை ஒழுங்குபடுத்தினார். அவர் தோளில் வாய் திறக்காமல் சாய்ந்திருந்தாள் மகள். பேட்டரி உடைக்கும் ஒருவர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்லேன். எந்தக் கையில ரத்தம் குடுத்தா நல்லது நடக்கும்?"

"கை எதுவா இருந்தா என்ன? தலையை எடுத்துட்டு வந்தியா, அதைச் சொல்லு" என்றார் உலைக்காரர். "நான் அதை எட்டு வாரம் அந்தாள் உண்டியல்ல போட்டுட்டு நின்னேன். இதோ, இவ பேச்சை விட்டுட்டா."