மக்காச்சோளத் தட்டையும் ஃபயர் சர்வீஸ் அக்காவும்

கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு மனிதப்பிறவி நிம்மதியாகத் தீக்குச்சி உரச முடியாமல் போனது ஃபயர் சர்வீஸ் அக்காவால்தான். இத்தனைக்கும் அவர் வேலை பார்ப்பது தீப்பெட்டி ஆபீஸில். பகலெல்லாம் ஊருலகத்துக்கே தீப்பெட்டி அடைத்து அனுப்புவார். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் எந்த வெள்ளாமைக் காட்டில் புகை தெரிகிறதென்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்.

கதிர் அறுத்தபின் நிற்கும் மக்காச்சோளத் தட்டையைக் காட்டோடு கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். செலவில்லாமல் காடு சுத்தமாகிவிடும். அக்காவின் அப்பாவும் வருஷந்தோறும் அப்படித்தான் கொளுத்தினார். மண் இறுகிப்போய், பெய்த மழை உள்ளே இறங்காமல் ஓடி, கடைசியில் விதைத்ததுகூடத் திரும்பி வராமல்தான் அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்கு வந்தார். அதனால் புகையைக் கண்டால் அணைக்க வேப்பங்கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடுவார்; அதைப் பார்த்து ஊர் வைத்த பேர்தான் ஃபயர் சர்வீஸ். ஒருமுறை எட்டயபுரம் ரோட்டோரம் ஆட்டுத்தலை வாட்டிக்கொண்டிருந்த கறிக்கடைக்காரர் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் காட்டை விட்டுத் தள்ளி வாட்டச் சொல்லிவிட்டு வந்தார்.

போன வருஷம் பங்குனியில் என் மச்சினன் தன் காட்டைக் கொளுத்தக் கிளம்பினான். அவன் டிராக்டரில் துணைக்கு நானும் போயிருந்தேன். எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, அக்கா கொப்போடு வந்து காய்ந்த தட்டைக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மச்சினன் கெஞ்சினான். தட்டையை அள்ள ஆள் கிடைக்கவில்லை என்றான். அக்கா அசையவில்லை. பயமுறுத்தத்தான் அவன் குச்சியை உரசினான். விரல் சுட்டது, கையை உதறினான். குச்சி தட்டையில் விழுந்தது.

மேல்காற்று. சரசரவென்று நெருப்பு அக்காவை நோக்கி ஓடியது. எதிர்ப்பக்கம் தப்பி ஓட வேண்டிய மனுஷி, கொப்பை ஓங்கிக்கொண்டு நெருப்பை நோக்கி வந்தார். புகை மூடியது. ஆள் தெரியவில்லை.

"அக்கா... அக்கா..." என்று அலறிக்கொண்டு மச்சினன் உள்ளே பாய்ந்தான். சட்டையைக் கழற்றி அடித்தான். டிராக்டரிலிருந்த கேன் தண்ணீரை நான் கொண்டுபோய் ஊற்றினேன். ஒருவழியாக அணைந்தபோது அக்காவின் சேலைக்கரை கருகியிருந்தது. முகம் முழுக்கக் கரி. இருமிக்கொண்டே கருகிய மண்ணை அள்ளி மச்சினன் கையில் வைத்தார்.

"பாருலே. இதுல ஒரு புழு பூச்சி இருக்கா? இந்த மண்ணு செத்துட்டுன்னா நாளைக்கு ஒம் பிள்ள எதத் திங்கும்?"

அவன் மண்ணைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தான். "நீங்க செத்திருந்தா நான் எங்கன போவேன்க்கா?"

அந்த வருஷம் மிச்சத் தட்டையை ரொட்டவேட்டர் விட்டு மண்ணோடு மடக்கி உழுதான். அதன்மேல் கிடையும் போட்டான். ராத்திரியெல்லாம் ஆடுகள் படுத்து உரம் போட்டன. கார்த்திகையில் மழை ஏமாற்றியபோது அக்கம்பக்கத்துப் பயிர் சுருண்டது. அவன் காட்டில் அடியில் ஈரம் இருந்தது.

இந்த மாசியில் அறுவடை முடிந்தும் அக்காவைக் காணோம். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார், யார் சொல்லியும் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்றார்கள். மச்சினன் போய் வாசலில் நின்றான்.

"அக்கா, தட்டைக்குத் தீ வைக்கப் போறேன்."

அக்கா விருட்டென்று எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து, சுடுகஞ்சியை ஆற்றத் தொடங்கினான்.