மாத்திரை இடது பையில்

நன்றி என்ற ஒன்றை இந்தப் பூமியில் இன்னும் உயிரோடு வைத்திருக்கும் ஒரே துறை கலைத்துறைதான். மற்ற துறைகளில் ஒருவர் இறந்தால் அவருடைய நாற்காலியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கலைத்துறையில் எதையும் விட்டுவைப்பதில்லை. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. என் கணவர் முப்பத்தோர் ஆண்டுகள் நாடகம் எழுதி, இயக்கி, சென்ற ஆண்டு காலமானார். அதன்பின் அத்துறை அவருக்குச் செய்த மரியாதைகளைப் பதிவு செய்வது என் கடமை.

உயிரோடு இருந்தபோது அவர் இருபத்து மூன்று நாடகங்கள் எழுதினார். சினிமா ஒன்றே ஒன்று. அது ஒரு தீயணைப்பு வீரரின் கதை. படம் முழுவதும் எங்குமே தீப்பிடிக்காது. தயாராக இருந்து இருந்தே அவர் ஓய்வு பெற்றுவிடுவார். கதையைக் கேட்டுத் தயாரிப்பாளர் கண்கலங்கினார்.

"பிரமாதம் சார். ஒரே ஒரு சின்ன மாத்தம். தீப்பிடிக்கட்டும்."

ஏழு இடங்களில் பிடித்தது. படம் ஏழு நாள் ஓடியது. பெயர்ப் பட்டியலில் 'கதை: தயாரிப்பு நிறுவனத்தின் கதை இலாகா' என்று போட்டார்கள். இலாகா என்பது தயாரிப்பாளரும் அவருடைய மைத்துனரும். என் கணவர் நாடகத்துக்கே திரும்பிவிட்டார். அந்த ஏழு தீயையும் கொளுத்திய உதவி இயக்குநரும் கூடவே வந்தார். சில ஆண்டுகள் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, தொழில் கற்றுக்கொண்டு, மறுபடி சினிமாவுக்குப் போய்ப் பெரிய ஆளானார். அவரைச் சீடர் என்றே குறிப்பிடுகிறேன். அவரும் தம்மை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார், ஒலிபெருக்கி இருக்கும் இடங்களில்.

எங்கள் குழுவில் நான் பிராம்ப்டர். மேடை ஓரத்தில், திரை மறைவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நடிகர் மறந்துவிட்ட வசனத்தை அவருக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக்கொடுப்பவள். நடிகர்களுக்கு அவரவர் பகுதியை மட்டும் எழுதிக் கொடுப்பது என் கணவரின் வழக்கம். அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று முன்பே தெரிந்தால், கேட்பதுபோல் நடிப்பார்களே தவிரக் கேட்கமாட்டார்கள் என்பார். ஆகவே முழு நாடகமும் இருந்தது என் கையிலிருந்த நோட்டில் மட்டும்தான்.

அவர் போய் ஒரு மாதம் கழித்துச் சீடர் வந்தார். புகைப்படத்தின் முன் நின்று, நான் உட்காரச் சொல்லும்வரை அழுதார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

"அண்ணி, அண்ணன் பேர்ல ஒரு நினைவு மலர் போடறோம். 'எடை சரியாக இருக்கிறது' நாடகத்தை முழுசா சேர்க்கணும். நோட்டு உங்ககிட்டதானே இருக்கு?"

"அது ஒண்ணுதான் இருக்கு தம்பி."

"அதனாலதான் கேக்கறேன். இங்கயே இருந்தா பூச்சி அரிச்சிடும்."

என் மகள் எட்டிப் பார்த்தாள். "ஒரு வாரத்துல திருப்பிக் கொடுத்துடுங்க சித்தப்பா."

"என்னம்மா இப்படிச் சொல்லிட்டே! அது எனக்கு வேதம்!"

நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனார். வேதத்தை யாரும் ஒரு வாரத்தில் திருப்பித் தருவதில்லை.

எட்டு மாதங்கள் ஆயின. மலர் வரவில்லை, தொலைபேசி வந்தது.

"அண்ணி, அண்ணன் நாடகத்தைப் படமாவே எடுத்துட்டேன். மலர்னா பத்து பேர் புரட்டுவாங்க. படம்னா உலகமே பாக்கும். முதல் டைட்டில் கார்டே அண்ணன்தான்!"

அன்று நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். 'கதை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயரைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர இந்தத் துறையிடம் எனக்கு வேறு கோரிக்கை கிடையாது.

சிறப்புக் காட்சிக்குக் காலையிலேயே போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். சீடர் சொன்ன சொல் தவறவில்லை. முதல் கார்டில் என் கணவரின் படம். கீழே 'எங்கள் நினைவில் வாழும் அண்ணனுக்கு'. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அடுத்த கார்டு வந்துவிட்டது. 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' நான்கும் சீடர்.

"நினைவுல வாழ்றாராம். வெளிய வந்துடாமப் பாத்துக்கறாங்க" என்றாள் மகள்.

நாடகத்தில் எடைக்கல் சோதிக்கும் வயதான அரசு அலுவலர் ஒருவர். சொந்த மகனின் கடைத் தராசு பொய் சொல்கிறது. அதற்கு முத்திரை குத்துவாரா, மாட்டாரா என்பதுதான் நாடகம். படத்தில் அந்த அலுவலருக்கு இருபத்தெட்டு வயது. மகனுக்குப் பதில் கடத்தல் கும்பல். தராசு மட்டும் அப்படியே இருந்தது, அதைத் தூக்கி ஆறு பேரை அடிக்கிறார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கதாநாயகன் கும்பல் தலைவனிடம் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, கதாநாயகி அவன் காதோரம் வந்து சொல்கிறாள்:

"மூச்சு வாங்குது. ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க."

மூச்சுக்கு ஒரு குறையுமில்லாத அந்த இளைஞன் திரும்பி நின்றான்.

"மாத்திரை இடது பையில்."

அவன் இடது நெஞ்சைத் தொட்டான். அரங்கு கைதட்டியது.

அது வசனம் அல்ல. நாடகம் கடைசியாக மேடையேறிய நாற்பது தடவையும் அலுவலர் வேடத்தில் என் கணவரே நடித்தார். இதயம் பழுது என்று மருத்துவர் தடுத்தும் கேட்கவில்லை. எந்தெந்த இடத்தில் அவருக்கு முடியாமல் போகிறது என்று கண்டுவைத்து, நான் நோட்டில் வசனங்களுக்கு நடுவே அதே பேனாவால் எழுதிக்கொண்ட வரிகள் அவை. நான் கிசுகிசுப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வார். நடிப்பு என்று சபை நினைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் சீடர் எங்களோடு இல்லை. நோட்டில் கண்டதையெல்லாம் வசனம் என்று நம்பி, ஓர் எழுத்து விடாமல் படமாக்கியிருந்தார். குருபக்தி என்றால் இதுவல்லவா!

உச்சக்கட்டம் மொட்டைமாடியில். அங்கே திரைச்சீலை எதுவும் கிடையாது. ஆனாலும் கதாநாயகி வானத்தைப் பார்த்து அலறினாள்:

"திரையை இறக்குங்க! அவருக்கு முடியல!"

பக்கத்து இருக்கை விமர்சகர் 'வாழ்க்கை என்னும் திரை' என்று குறிப்பெடுத்துக்கொண்டார். ஒருவேளை மேடையிலேயே ஏதாவது ஆகிவிட்டால் திரை இழுப்பவரிடம் கத்துவதற்காக, என் கணவருக்குத் தெரியாமல் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த வரி அது. நாற்பது தடவையிலும் அதைச் சொல்ல நேரவில்லை. அவர் ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையில், யாரும் எடுத்துக்கொடுக்காமலே போனார்.

வாசலில் சீடரைப் பிடித்தேன்.

"தம்பி, கதைங்கற இடத்துல அவர் பேரைக் காணோமே?"

"கதை காத்து மாதிரி அண்ணி. அது யாருக்குச் சொந்தம்?"

"அப்ப உங்க பேரு எதுக்கு அங்க?"

"காத்துக்கும் ஒரு விலாசம் வேணும்ல?"

"நோட்டு?"

"ஆபீஸ் மாத்தினப்போ எங்கயோ..." என்றவர் அழத் தொடங்கிவிட்டார். மேற்கொண்டு கேட்க எனக்கே கூச்சமாயிற்று.

எழுத்தாளர் சங்கத்தில் மனு கொடுத்தேன். 'கதை ஒப்புமை விசாரணைக் குழு' கூடியது. தலைவர், செயலாளர், அவர்கள் இருவரையும் ஆமோதிக்க ஓர் உறுப்பினர்.

"நாடகப் பிரதி இருக்காம்மா?" என்றார் தலைவர்.

"அவர்கிட்ட இருக்கு" என்று எதிரே உட்கார்ந்திருந்த சீடரைக் காட்டினேன்.

"அவர் இல்லைங்கறாரே?"

"நாடகம் பாத்தவங்க நிறைய பேர் இருக்காங்க."

"ஞாபகம் ஆவணம் ஆகாதும்மா. சரி, படத்துல எந்த வரி நாடகத்துல இருந்து வந்ததுன்னு அடிச்சுச் சொல்லுவீங்க?"

"மாத்திரை இடது பையில்."

சீடர் எழுந்தார். "ஐயா, ஒன்பது மாசம் தவம் கிடந்து எழுதின வரி. இடது பக்கம் இதயம். மாத்திரைங்கறது காதல்."

"அடடா!" என்றார் தலைவர். உறுப்பினர் ஆமோதித்தார். "அம்மா, இந்த வரியை உங்க கணவர்தான் எழுதினார்னு சத்தியமா சொல்ல முடியுமா?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் என் முழங்கையை அழுத்தினாள். ஆனால் முப்பத்தோர் ஆண்டுகளில் நான் யாருக்கும் தவறான வரியை எடுத்துக்கொடுத்ததில்லை.

"இல்லைங்க. அவர் எழுதல. நான் எழுதினேன். அவர் சட்டையில மாத்திரை இருந்துச்சு, அதனால எழுதினேன்."

"அம்மா!" என்றாள் மகள்.

செயலாளர் 'மனுதாரரே ஒப்புக்கொண்டபடி' என்று எழுதத் தொடங்கியிருந்தார்.

அரைமணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. ஒன்று, மனு தள்ளுபடி. இரண்டு, மேற்படி நாடகமும் படமும் நாற்பத்தோர் இடங்களில் ஒத்திருப்பதைக் குழு ஐயத்துக்கு இடமின்றிக் காண்கிறது. படம் சங்கத்தில் பதிவானது, நாடகம் பதிவாகாதது. பதிவானது பதிவாகாததைப் பார்த்து எழுதப்பட்டிருக்க முடியாது என்பதால், நாடகமே படத்தின் நகல். சீடரின் அனுமதியின்றி அதை இனி எங்கும் மேடையேற்றக் கூடாது.

"நாடகம் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி போட்டதுங்க!" என்றாள் மகள்.

"காலக்கணக்கு இந்தக் குழுவோட வரம்புல வராதும்மா" என்றார் தலைவர், மிகவும் கனிவாக.

செயலாளர் பெரிய பதிவேடு ஒன்றைத் திறந்தார். கதையின் பெயர், உரியவர், நகல் எடுத்தவர் என்று மூன்று பத்திகள். கடைசிப் பத்தியில் என் கணவரின் பெயரை எழுதினார்.

"எழுத்துப் பிழை இல்லாமப் பாத்துக்குங்க" என்றேன்.

"நீங்களே பாருங்களேன்" என்று பதிவேட்டை என் பக்கம் திருப்பிவைத்தார்.

பெயர் சரியாகவே இருந்தது. திருப்பிக் கொடுக்குமுன் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். சங்கம் தொடங்கி முப்பத்தெட்டு ஆண்டுகள். ஆயிரக்கணக்கான படங்கள். அத்தனைக்கும் உரியவர்கள் இருந்தார்கள். நகல் எடுத்தவர் பத்தியில் ஏறிய முதல் பெயர் என் கணவருடையது.