அனைத்துக்கும் ஆம்

இது நடந்தது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. அன்று மழை பெய்ததாகவும் ஒரு நினைவு. மழையை நானே பின்னால் சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. ஒன்று மட்டும் நிச்சயம். காலை பத்து மணிக்குப் பேராசிரியரின் கம்ப்யூட்டர் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட ஆரம்பித்தபோது, பேராசிரியர் ஊரில் இல்லை.

வீட்டில் இருந்தது அவர் மனைவியும் மகளும்தான். மனைவிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் ஆவண அறையில் இருபத்திரண்டு வருட வேலை. டாக்டர்களிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் ரெக்கார்டு அக்கா.

"அம்மாடி, இங்க வாயேன். இது என்னமோ முனகுது."

மகள் வந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். "முனகலம்மா. சாகுது."

அந்தப் பெட்டிக்குள்தான் பேராசிரியரின் நூல் இருந்தது. பெயர் 'மௌனத்தின் வரலாறு'. அதை எழுதுவதற்காகவே பதினொரு வருடங்களுக்கு முன் அவர் கல்லூரி வேலையை விட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் உரக்கப் பேசியதில்லை. அவர் குளிக்கப் போனால்தான் மிக்ஸி ஓடும். மகள் தோழிகளோடு போன் பேசுவது மாடிப்படித் திருப்பத்தில். தும்மல் வந்தால் ரெக்கார்டு அக்கா தலையணையைத் தேடி ஓடுவாள். பதிப்பாளர் இந்த மாதக் கடைசியில் கைப்பிரதி வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நூலைப் பற்றிப் பேசத்தான் பேராசிரியர் வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்போது ஆச்சரியப்படட்டும் என்று தாயும் மகளும் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர், அட்டைப்பெட்டி கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் இருந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தும் பழுதுக்காரருக்கு ரெக்கார்டு அக்கா போன் போட்டாள். அவர் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்றார். போனைப் பெட்டிமேல் வைத்தாள்.

"அய்யய்யோ! டிஸ்க் போகப்போகுதுக்கா. தப்பித்தவறி அணைச்சிடாதீங்க, அப்புறம் எழுந்திரிக்காது. இருக்கறத எல்லாம் இப்பவே வெளிய எடுத்துடுங்க."

"நீங்க வரமாட்டீங்களா?"

"கடையில நான் ஒத்தையாளுக்கா. சாயங்காலம் வரேன். அதுவரைக்கும் அது தாங்கணுமே."

மகள் கையடக்க டிஸ்க் ஒன்றைச் சொருகி நகலெடுக்கத் தொடங்கினாள். திரை, எட்டு மணி நேரம் ஆகும் என்றது. பிறகு நாலு நிமிடம் என்றது. இருவரும் மூச்சு விட்டார்கள். பிறகு முப்பத்தொரு நாள் என்றது.

"முப்பத்தொரு நாளா? அதுக்குள்ள அப்பா வந்துடுவாரே!"

"அது சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லும்மா. அதுக்கே தெரியாது."

"தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லவேண்டியதுதானே? இதென்ன, உங்கப்பா மாதிரி."

எது இவ்வளவு நேரம் இழுக்கிறது என்று மகள் உள்ளே போய்ப் பார்த்தாள். 'நூல்' என்ற ஃபோல்டருக்குள் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதிதான் பெயர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு ஃபைல். அதன் பெயரும் 'நூல்'.

"தினம் எழுதினதைத் தினம் தனியா வெச்சிருக்கார்," என்றாள் மகள். அவள் குரலில் கொஞ்சம் பயபக்தி இருந்தது.

ரெக்கார்டு அக்காவின் கை பரபரத்தது. ஆவண அறையில் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு: ஒரு நோயாளிக்கு ஒரு கவர். ரத்தப் பரிசோதனை ஒரு மூலையில், எக்ஸ்ரே சீட்டு இன்னொரு மூலையில் என்று கிடந்த காலத்தை ஒழித்தவள் அவள்தான். இங்கே ஒரு நூலுக்கு மூவாயிரம் கவர்!

"நீ போய்ப் புதுசைப் பிரிச்சு மாட்டு. நான் இதை ஒழுங்குபண்ணி ஒரே கட்டா குடுக்கறேன். கட்டா இருந்தா சீக்கிரம் போகும்."

நகலெடுப்பதை நிறுத்தி, கையடக்க டிஸ்க்குக்குப் போயிருந்த அரைகுறையையும் அழித்துவிட்டுத் திரையில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்தாள். தேடலில் 'நூல்' என்று போட்டாள். மூவாயிரத்துச் சொச்சம் ஃபைல்களும் வந்து வரிசையில் நின்றன. மொத்தமாகப் பிடித்துப் புது ஃபோல்டருக்குள் போட்டாள். திரை ஒரு கேள்வி கேட்டது. ஆம் என்றாள். மறுபடி கேட்டது. மறுபடி ஆம். ஏழாவது தடவை அவளுக்கு எரிச்சல் வந்தது.

"என்னடி இது, சொன்னதையே கேக்குது?"

அடுத்த அறையிலிருந்து மகள் கத்தினாள். பதினொரு வருடத்தில் அந்த வீட்டில் எழுந்த முதல் கத்தல் அதுதான். "கீழ பாரும்மா. 'அனைத்துக்கும் ஆம்'னு ஒண்ணு இருக்கும். அதை அமுக்கு!"

மருத்துவமனையில் தினமும் நூறு பேரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறவள் ரெக்கார்டு அக்கா. யாரும் படித்துவிட்டுப் போட்டு அவள் பார்த்ததில்லை. அவளும் படிக்காமல் அமுக்கினாள்.

பதினைந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

"பார்த்தியா, உன் முப்பத்தொரு நாளை!"

மகள் வந்து ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருந்தது.

"அம்மா. மிச்சம் எங்க?"

"அதுக்குள்ளதான் இருக்கணும்."

"அதே பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, பழையதை அழிச்சுட்டுப் புதுசை வைக்கவான்னுதாம்மா அது கேட்டிருக்கு. ஒண்ணுமேல ஒண்ணா எல்லாத்தையும் அழிச்சுட்டே." மகள் தேதி போட்ட ஃபோல்டர் ஒன்றைத் திறக்கப் போனாள். "சரி, பழைய இடத்துல இருக்கும். நகல்தானே எடுத்தே?"

"இல்லையே, வெட்டித்தான் ஒட்டினேன். ஒரே காகிதம் ரெண்டு இடத்துல இருந்தா குழப்பம்தானே?"

தேதி போட்ட மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர்களும் காலியாக இருந்தன.

மகள் செய்ததைத் திருப்பும் பொத்தானைத் தட்டினாள். திரை அப்படியே உறைந்தது. இன்னும் பத்து தடவை தட்டினாள். பிறகு பதற்றத்தில், எல்லோரும் செய்வதைச் செய்தாள்: அணைத்துப் போட்டாள். முனகல் நின்றது. அது அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சாயங்காலம் பழுதுக்காரர் வந்து பெட்டியைத் திறந்து, டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டார். "அழிஞ்சதும் அடியில கிடக்கும்கா. தோண்டிப் பார்க்கறேன். சத்தியம் பண்ண முடியாது."

மூன்றாம் நாள் பேராசிரியர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் ரெக்கார்டு அக்கா சொல்லிவிட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாமேவா?"

"எல்லாமேதாங்க."

"ஒருநாள் எழுதினது கூட மிஞ்சலையா?"

"டிஸ்க்கைக் கடைக்காரர் எடுத்துட்டுப் போயிருக்கார். தோண்டிப் பார்க்கறேன்னு..."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?" என்று அவர் எழுந்தார். குரல் சுவரில் அடித்துத் திரும்பியது. அவள் அழுதாள். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவள் தலையில் கை வைத்தார். "சரி விடு. உன்னை மன்னிச்சுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

செய்தி பரவியது. துக்கம் விசாரிப்பதுபோல் ஆட்கள் வந்தார்கள். பழைய சக ஆசிரியர் ஒருவர் கண் கலங்கினார். பதிப்பாளர் கூடத்தில் நின்றுகொண்டே, "ஒரு காலகட்டமே போச்சு சார்," என்றார். பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் மெல்லிய குரலில் சொன்னார்: "மூவாயிரம் நாள் உழைப்பு. அவ வேணும்னா செஞ்சா? அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க." சொல்லாதீர்கள் என்றதால் எல்லோரும் சொன்னார்கள். தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டே எதிர்வீட்டம்மா கேட்டாள்: "படிச்சவங்கதானே நீங்க? இப்படியா பண்ணுவாங்க?"

மருத்துவமனையிலும் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவள் எடுத்துக்கொடுத்த கவரை ஒரு டாக்டர் இரண்டு தடவை சரிபார்த்தார்.

ஒன்பதாம் நாள் மதிய இடைவேளையில் பழுதுக்காரர் கூப்பிட்டார். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு ஓடினாள். குறுகலான கடை. மேசைமேல் வயிறு திறந்த கம்ப்யூட்டர்கள். ஒற்றை முக்காலி. அவர் எழுந்து அதை அவளுக்குக் கொடுத்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"வரலையாண்ணா? எனக்காக ஒரு பத்து நாள் எழுதினதாவது? அதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டா நான் கொஞ்சம் தூங்குவேன்."

"சார் ரெண்டு தடவை போன் பண்ணினார்க்கா. போனது போகட்டும், தோண்டவேண்டாம்னார். அதுக்குள்ள எடுத்து முடிச்சுட்டேன்."

"எத்தனை வந்துச்சு?"

"எல்லாமே வந்துடுச்சு." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். "சரியா வந்திருக்கான்னு ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேங்க்கா. மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டு ஃபைல்லயும் அதே ஒண்ணரைப் பக்கம்தான் இருக்கு. தினம் தேதியை மட்டும் மாத்தியிருக்கார்."

அவள் டிஸ்க்கை வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றும் வரவில்லை என்று வீட்டில் சொன்னாள்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ரெக்கார்டு அக்கா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அவளோடு போய்விட்டாள். பழுதுக்காரர் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார். பேராசிரியர் தனியாக இருக்கிறார். தொலைந்துபோன நூலைப் பற்றி இதுவரை நாற்பது கூட்டங்களில் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சுகளைப் பதிப்பாளர் புத்தகமாகப் போடுகிறார். நானூறு பக்கம் வருமாம்.