மூத்த பெட்டி

"சார், ராத்திரி மழையில சேலையூர்ல கரண்ட் போச்சு. உடனே அஸ்தினாபுரம் எடுத்துக்கிச்சு. ஒரு புக்கிங்கூட நிக்கல. கிளஸ்டர் சூப்பரா வேலை செஞ்சிருக்கு!"

போனில் பியூலாவின் குரல் துள்ளியது. துளசிங்கத்துக்கு வாயிலிருந்த காபி கசந்தது.

"எடுத்துக்கிச்சுன்னா?"

"தலைமை இப்போ அஸ்தினாபுரம் சர்வர்கிட்ட இருக்கு சார்."

"இங்கதான் கரண்ட் வந்துடுச்சேம்மா."

"வந்துடுச்சு. உங்க சர்வரும் எழுந்து நல்லாத்தான் இருக்கு. ஸ்டாண்ட்பையா காத்துட்டிருக்கு."

துளசிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய குடும்பத்தில் மூத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். காத்துக்கொண்டு நின்றதில்லை.

சேலையூர், அஸ்தினாபுரம், வண்டலூர் மூன்று இடத்திலும் அவர்களுக்குக் கல்யாண மண்டபம் உண்டு. வயல்களெல்லாம் மனைகளாகிய காலத்தில் அவருடைய தகப்பனார் கட்டியவை. அந்தக் குடும்பம் ஒரு நாளைக் கொடுத்துவிட்டால் அது கொடுத்ததுதான் என்று தாம்பரம் வட்டாரத்தில் பெயர். அந்தப் பெயருக்கு ஒருமுறை பங்கம் வந்தது. ஒரே முகூர்த்தத்தை இரண்டு குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாப்பிள்ளை அழைப்புகள் சேலையூர் வாசலில் நேருக்கு நேர் சந்தித்தன. இரண்டு நாதஸ்வரக்காரர்களும் விட்டுக்கொடுக்காமல் வாசித்தார்கள். அன்றைக்குத் துளசிங்கம் சபதம் செய்தார்: இனி கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லாமல் நம் குடும்பத்தில் எவரும் எவருக்கும் நாள் கொடுக்கக் கூடாது.

ஒற்றைக் கம்ப்யூட்டரை நம்பக் கூடாது என்று சொன்னவள் பியூலா. மேடவாக்கத்தில் சொந்தமாக நிறுவனம் நடத்தும் இன்ஜினியர். கிளஸ்டர் என்ற பெயரில் இரண்டு சர்வர்களை ஜோடியாக வைத்தாள். இரண்டிலும் ஒரே விவரம் இருக்கும். ஒன்று தலைமை ஏற்று வேலை செய்யும், மற்றது விழித்துக்கொண்டு நிற்கும். தலைமை விழுந்தால் மற்றது அந்த இடத்தில் உட்காரும். மண்டபத்து ஆட்களுக்கு மாறியதே தெரியாது. மழையோ மின்வெட்டோ ஒரே இடத்தில் இரண்டையும் சாய்த்துவிடக் கூடாதென்று ஒன்றைச் சேலையூரிலும் மற்றதை அஸ்தினாபுரத்திலும் வைத்தாள்.

அவள் வேலை சுத்தம். ஆனால் அஸ்தினாபுரம் மண்டபத்தைக் கவனித்து வந்தவர் துளசிங்கத்தின் தம்பி பக்தவச்சலம். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் அற்பமானதல்ல. திரௌபதி அம்மன் கோவில் தீமிதியில் முதல் மரியாதை அந்தக் குடும்பத்து மூத்தவருக்கு. ஓர் ஆண்டு துளசிங்கத்தின் கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. நேரம் தவறுகிறதென்று பூசாரி பரிவட்டத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டார். அண்ணன் வந்து சேர்ந்தபோது தம்பி பரிவட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். துளசிங்கம் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

"சரிம்மா," என்றார் போனில். "திரும்ப இங்கே கொண்டு வந்துடு."

"தானா திரும்பாது சார். நாமதான் மாத்தணும். மாத்தும்போது கொஞ்ச நேரம் புக்கிங் நிக்கும். அங்கேயே நல்லா ஓடுதே, எதுக்கு? மார்கழியில கல்யாண வேலை இருக்காதே, அப்போ சாவகாசமா செஞ்சுக்கலாம்."

"ஐப்பசி பொறந்து ரெண்டு நாள்தான் ஆகுது. மார்கழி வரைக்கும் இந்தக் குடும்பத்துக்கு அவன் தலைமையா?"

"சார், அது சர்வர் சார்."

"யார் வீட்டு சர்வர்?"

கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

துளசிங்கம் மேனேஜர் ராஜாராமனை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"அஸ்தினாபுரம் போங்க. வாழைமரம் கேட்டு வந்த மாதிரி போங்க. ஆபீஸ் ரூம்ல அந்தப் பெட்டி இருக்கும். சுவிட்சை அணைச்சுட்டு வந்துடுங்க. அது விழுந்தா தலைமை இங்கே வந்தாகணும்."

"ஐயா, சின்னவர் பார்த்துட்டா?"

"வாழைமரம் கேளுங்க."

ராஜாராமன் வேர்த்துக்கொண்டே போனார். பத்து மணிக்குள் பியூலாவின் செய்தி வந்தது: தலைமை சேலையூருக்குத் திரும்பிவிட்டது. பிற்பகலில் ராஜாராமன் ஒரு வேனில் வாழைமரங்களோடு வந்து இறங்கினார்.

"வேலை?"

"நான் போறப்பவே முடிஞ்சுடுச்சுங்க ஐயா," என்றார் அவர், மரங்களைப் பார்த்தபடி. துளசிங்கம் அந்த அடக்கத்தை மெச்சினார். சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார். புகை எச்சரிக்கை மணி அடித்தது. அதையும் மங்கள ஓசையாகவே எடுத்துக்கொண்டார்.

இனி மின்சாரம் துரோகம் செய்யக் கூடாது என்று பெரிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். அது ஓடினால் பக்கத்துப் பள்ளியில் பாடம் நின்றது. ஆனாலும் மனம் ஆறவில்லை. பியூலா சர்வரைப் பார்க்க வந்த அன்று கேட்டார்.

"இங்கே ஏதாவது ஆச்சுன்னா அங்கே இருக்கிறதுக்கு எப்படிம்மா தெரியுது?"

"ரெண்டும் ஒண்ணையொண்ணு 'இருக்கியா, இருக்கேன்'னு கேட்டுக்கிட்டே இருக்கும் சார். பதில் வரலைன்னா அது எடுத்துக்கும்."

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?"

"நொடிக்கு நொடி."

துளசிங்கம் வீட்டுக்கு வந்து மனைவி செல்லம்மாவிடம் சொன்னார். "நொடிக்கு நொடி நான் இருக்கேனான்னு கேக்குதாம் அவன் பெட்டி. அப்படிக் கேக்குறவன் எதுக்குக் காத்திருக்கான்னு எனக்குத் தெரியாதா?"

"உடம்பு சௌக்கியமான்னு கேக்குறதா இருக்கக் கூடாதாங்க?" என்றாள் செல்லம்மா, கீரையை ஆய்ந்துகொண்டே.

"உனக்கு உலகம் தெரியாது."

மறுநாள் புதன்கிழமை. காலையில் ஆபீஸ் அறைக்குப் போய் சர்வரின் பின்னால் இருந்த நீலநிற ஒயரைத் தம் கையாலேயே பிடித்து இழுத்தார். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டார். ஒயர் முனை நசுங்கிக் கையோடு வந்தது. இனி எவன் கேட்டாலும் இங்கிருந்து பதில் போகாது.

சற்றைக்கெல்லாம் பியூலா அழைத்தாள். "சார், உங்க சர்வர் தலைமையை விட்டுடுச்சு. மறுபடி அஸ்தினாபுரம்தான்."

"எப்படி விடும்? கரண்ட் இருக்கு. ஜெனரேட்டர் இருக்கு. நான் இருக்கேன்."

"அது தனியாயிடுச்சு சார். யாரோடயும் பேச முடியலைன்னா தானா ஒதுங்கிக்கும். இல்லேன்னா ரெண்டுமே நான்தான் தலைமைன்னு ஆளுக்கொரு நாள் குடுத்துடும். பழைய நாதஸ்வரக் கதை ஆயிடும். அதுக்குத்தான் வண்டலூர்ல சாட்சின்னு ஒரு சின்னப் பெட்டி வெச்சிருக்கேன். சாட்சி யார் பக்கம் இருக்கோ அவங்களுக்குத்தான் தலைமை."

"சாட்சி இப்போ யார் பக்கம்?"

"அஸ்தினாபுரம் பக்கம்."

துளசிங்கத்துக்கு ரத்தம் சூடேறியது. வண்டலூர் மண்டபம் அவருடைய நிர்வாகம். அங்கே இருக்கும் காவலாளி சிட்டிபாபு அவர் போட்ட சோற்றைத் தின்பவன். அந்த மண்டபத்திலிருந்தே அவருக்கு எதிராகச் சாட்சியா? உடனே வண்டலூருக்குப் போன் போட்டார்.

"சிட்டிபாபு! ஆபீஸ்ல சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கு பாரு. அதை அணை!"

"பச்சை லைட்டு எரிஞ்சுகினு கீதே, அதுவா ஐயா? அந்த இன்ஜினியரம்மா தொட்டா கைய ஒடச்சிருவேன்னு சொல்லிக்கீறாங்க."

"நான் சொல்றேன். அணை!"

சிட்டிபாபு அணைத்தான். மூன்று மண்டபங்களின் புக்கிங் திரைகளும் வெறுமையாயின.

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் நின்றது. டாக்டர் ஸ்ரீநிவாசராகவனும் அவர் மனைவி ரமாவும் வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு இறங்கினார்கள். அவர்கள் மகள் நித்யஸ்ரீக்குத் தை மாதம் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். டாக்டருடைய கல்யாணமே இந்த மண்டபத்தில்தான் நடந்தது. துளசிங்கத்தின் தகப்பனார் வாசலில் நின்று அவரை வரவேற்றிருக்கிறார்.

"ராகு காலத்துக்கு முன்னாடி தாம்பூலம் மாத்திடலாம்னு வந்தோம்," என்றார் டாக்டர். "நாள் காலியா இருக்குன்னு நேத்தே சொன்னாங்க. இப்போ நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டா போதும்."

"உட்காருங்க. கேசரி சாப்பிடுங்க," என்றார் துளசிங்கம்.

ராஜாராமன் காதில் கிசுகிசுத்தார். "ஐயா, திரையில ஒண்ணுமே இல்லை. மூணு இடத்துலயும் இல்லை. நாளைச் சும்மா வாயால சொல்லிடுங்களேன். காலியாத்தான் இருக்கும்."

"கம்ப்யூட்டர் பார்க்காம இந்தக் குடும்பத்துல நாள் சொல்றதில்லை."

"அது நீங்க வெச்ச சட்டம்தானே ஐயா."

"அதனாலதான் மீற முடியாது."

உள்ளே போய் வண்டலூருக்குப் போன் போட்டுச் சாட்சியை உயிர்ப்பிக்கச் சொன்னார். பிறகு பியூலாவை அழைத்து, நடந்ததை எல்லாம் தலை குனியாமல் சொன்னார்.

"சார், உங்க சர்வருக்கு நான் வந்து வேற ஒயர் போட்டாத்தான் ஆகும். பெரும்பாக்கம் டிராஃபிக்ல நிக்கிறேன், ஒரு மணிக்கு மேல ஆயிடும். ஆனா கவலைப்படாதீங்க. சாட்சி வந்துட்டதால அஸ்தினாபுரம் இப்பவே தலைமை எடுத்துக்கும்."

இருவரும் காத்திருந்தார்கள்.

"எடுத்துக்கலையே," என்றாள் பியூலா. "அந்த சர்வரையே யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க சார். சுவிட்சைப் போட்டாப் போதும். நான் கூப்பிட்டா போனை எடுக்க மாட்டேங்கிறாங்க."

துளசிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டாக்டர் வருவது ஊருக்கே தெரியும். அந்த நேரம் பார்த்துத் தம்பி அணைத்திருக்கிறான். அண்ணன் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும், அதுதான் வேண்டும் அவனுக்கு.

முன்னறையில் ரமா மாமி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. "சிஸ்டம் கோளாறுன்னா பரவாயில்லை, முடிச்சூர்ல இன்னொரு மண்டபம் பார்த்து வெச்சிருக்கோம்," என்று கணவரிடம் அவள் மெல்லச் சொன்னது மெல்லக் கேட்கவில்லை.

ஒரு மனிதனுக்கு மானம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். துளசிங்கத்துக்கு அன்றைக்கு இரண்டு இருந்தன. ஒன்று அவருடையது. மற்றொன்று தகப்பனார் வாசலில் நின்று சம்பாதித்தது. தம்பி வாசலை மிதித்தால் முதலாவது போகும். மிதிக்காவிட்டால் இரண்டாவது.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

"எங்கே ஐயா?"

"அஸ்தினாபுரம்."

ராஜாராமன் கையிலிருந்த கேசரித் தட்டு சாய்ந்தது.

வழியெல்லாம் துளசிங்கம் வாய்க்குள் சொற்களை அடுக்கிப் பார்த்தார். கேள்வியாகக் கேட்டால் கெஞ்சலாக இருந்தது. கட்டளையாகச் சொன்னால் சண்டையாக இருந்தது. ராஜேந்திர பிரசாத் சாலை நெரிசலில் கார் நின்றபோது, முன்பு ரயில்வே கேட்டில் நின்றதுபோலவே இருந்தது. அந்த நினைவை உதறினார்.

அஸ்தினாபுரம் மண்டபத்து ஆபீஸ் அறையில் பக்தவச்சலம் தனியாக உட்கார்ந்திருந்தார். மூலையில் சர்வர் இருளடைந்து கிடந்தது. பெருக்கும் முனியம்மா துடைப்பத்தோடு வாசற்படியில் நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் பக்தவச்சலம் நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார். தலை நரைத்திருந்தது. துளசிங்கம் அதை எதிர்பார்க்கவில்லை.

"வாங்கண்ணா," என்றார்.

துளசிங்கம் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார்.

"டாக்டர் வீட்டுக்காரங்க தட்டோட என் வாசல்ல உட்கார்ந்திருக்காங்க. ராகு காலம் வரப்போகுது. நான் அவமானப்படணும்னா தனியா படுறேன். அப்பா பேரு அவமானப்படக் கூடாது." நழுவிய துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ ஜெயிச்சுட்டே பக்தா. தலைமையை நீயே வெச்சுக்கோ. இனிமே நான் கேக்க மாட்டேன். பெட்டியை மட்டும் போட்டுடு."

பக்தவச்சலம் தலையைக் குனிந்தபடி நின்றார். சுவிட்ச் பக்கம் கை போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துடைப்பத்தை ஓங்கித் தரையில் போட்டாள் முனியம்மா.

"இன்னா பெரியவரே, அவராண்ட போயி வெச்சுக்கோ வெச்சுக்கோன்றீங்க? தலைமை இங்க வந்துச்சுன்னு போன்ல சேதி வந்தாப் போதும், 'அண்ணன் இருக்கச்சொல்ல எனக்கு எதுக்கு அந்த மரியாதை'ன்னு ஒவ்வொரு தபாவும் ஓடியாந்து சுவிச்ச அணைக்கிறதே இவருதானே!"